பின்மதிலால் வந்த விருந்தாளிகள்

நெடுந்தீவு மேற்கு,
12.08.1984

அன்பு மைத்துனர் குலசிங்கத்துக்கு,

அம்மன் புண்ணியத்தில் நானும் உமது அக்கா இராசேஸ்வரியும் சுகம். நீரும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுகிறோம். கோப்பாய்க்கு வந்து உம்மோடு இருக்கும்படி எழுதியிருந்தீர். பேச்சுத்துணைக்கு ஆளில்லையென்று உமது அக்காவும் என்னை அரித்தெடுக்கிறாள். இவ்வளவு நாளும் சாட்டுச் சொன்ன நான் இப்போது சம்மதிக்கிறேன். ஆவணி பிறந்ததும் வருகிறோம். காரணம் ஒரு குதிரை.

வெளியில் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளை நீர் அறிவீர். இந்தக் கோடையில் குளங்கள் வற்றிப்போக, ஒரு பெட்டைக் குதிரை நம் வளவுக்குள் வந்துவிட்டது. முருங்கையைத் தின்றது, பொறுத்தேன். கொடியில் காய்ந்த வேட்டியின் கரையைத் தின்றது, அதையும் பொறுத்தேன். வாழையில் வாய் வைத்ததும் தடியெடுத்தேன். முன்வாசல் படலையால் துரத்தலாமென்று போனால், அங்கே அயலவர் செபமாலை நிற்கிறார். “அண்ணை, அடியாதேங்கோ! பறங்கியர் கொண்டுவந்த சாதியெல்லோ!” என்றார். நான் விடுவேனா? “ஒல்லாந்தர், காணும்!” என்றேன். அவர் போர்த்துக்கேயப் பறங்கியரின் கோட்டையைச் சாட்சி சொன்னார், நான் ஒல்லாந்தர் கட்டிய குதிரை லாயத்தைச் சொன்னேன். இரண்டு இராச்சியங்களையும் நாங்கள் அலசி முடிக்கையில் குதிரை வாழையை முடித்துவிட்டது.

செபமாலை படலையை விட்டு அசைகிற ஆளில்லை. ஆகவே பின்மதிலைப் பிரித்தேன். நம் ஊர் மதில் சாந்தில்லாமல் கல்லடுக்கியது. வண்டில் போகப் பிரிப்போம், போனதும் அடுக்குவோம். பிரித்தபடி விட்டால் மானம் போய்விடும். அந்தப் பழக்கத்தில், குதிரை போயிற்றா என்றும் பாராமல் குனிந்து, ஒரு கல் தவறாமல் அடுக்கி, நிமிர்ந்து பார்த்தால், உள்ளே நாலு குதிரை! பழையது அப்படியே நிற்கிறது, அதன் சுற்றத்தையும் நான் வழிவிட்டு அழைத்திருக்கிறேன். “விருந்தாளியளை உள்ளை விட்டு அடைச்சும் போட்டியள்!” என்று செபமாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வந்த காரணத்தைப் பிறகுதான் கண்டேன். கிணற்றடித் தொட்டி நிறையத் தண்ணீர். இந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு நமக்கு மட்டும்தானே. “ஆர் நிரப்பினது?” என்று கத்தினேன். உமது அக்கா வாளியும் கையுமாக வந்து, “குட்டித்தாய்ச்சியப்பா, வயித்திலை குட்டியோடை பாவம். தண்ணிக்கு எங்கை போகும்?” என்றாள். இந்த வீட்டில் இனி எனக்கு என்ன மரியாதை? நீர் பின் அறையை ஒழித்து வையும்.

உமது வீட்டுக்காரிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து நூறாண்டு வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
தம்பிஐயா

பி.கு.: கடல் கொந்தளித்து லோஞ்ச் படகு ஓடாததால் கடிதம் என்னிடமே கிடந்தது. இன்று விடியக் குதிரை குட்டி போட்டுவிட்டது. நாலு காலும் நாலு பக்கம் போக, விழுந்து விழுந்து எழும்பியது. “நாங்கள் போனால் இதுகளுக்கு ஆர் தண்ணி அள்ளுறது?” என்று உமது அக்கா கேட்டாள். உண்மையைச் சொன்னால், போகாமல் நிற்பதில் எனக்கும் சந்தோஷம்தான். நாங்கள் வரவில்லை. நீர் வாரும், ஒரு சாக்குத் தவிடும் கொண்டுவாரும். பின்மதிலை மறுபடி பிரித்தேன். இம்முறை அடுக்கவில்லை. ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும், அதுகள் தண்ணீருக்கு வந்துபோக வேண்டுமே.