சைலன்சரம்மா தேடிய பேக்கிங்

காஞ்சிபுரத்துக் கோபுரங்கள் அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் சைலன்சரம்மாவின் கோபத்துக்கு உயரம் போதாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பெண்கள் ஹாஸ்டலுக்கு வந்து ஒரே ஒரு நாள் காலையில் இரண்டாவது டம்ளர் காபி கேட்டிருக்க வேண்டும்.

நான் அப்போது ஒரு பட்டுக்கடையின் ஆன்லைன் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தேன். போட்டோவில் பார்த்த மாம்பழ மஞ்சள் நேரில் வரவில்லை என்று சண்டைக்கு வருபவர்களுக்குப் பதில் எழுதுவதுதான் வேலை. நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு ஹாஸ்டலுக்கு வந்தால் மிச்சத்துக்குச் சைலன்சரம்மா இருப்பார். சமையல், வாட்ச்மேன் வேலை, வார்டன் உத்தியோகம் மூன்றையும் அவர் ஒருவரே பார்த்தார். அவர் ஹாலுக்குள் நுழைந்தால் டிவி உட்பட எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயரைக் கேட்ட ஒருத்திக்கு, "இன்னாத்துக்கு? ரேஷன் கார்டுல சேக்கப் போறியா?" என்று பதில் கிடைத்தது.

ஊரையே அடக்கிய அவரால் அடக்க முடியாத சத்தம் ஒன்று இருந்தது. அவரிடம் பெட்ரோலில் ஓடும் பழைய வெளிநாட்டுப் புல் வெட்டும் மெஷின் இருந்தது. கம்பெனிப் பெயர் எப்போதோ தேய்ந்துவிட்டது. இன்ஜினும் சைலன்சரும் சேருகிற இடத்தில், பிஸ்கட் அளவில் ஒரு பேக்கிங் இருக்க வேண்டுமாம். கேஸ்கட் என்றும் சொல்வார்கள். அது கருகி உதிர்ந்துபோனதால் சத்தமும் புகையும் அந்த இடுக்கு வழியாகவே வெளியே வந்தன. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் கயிற்றை இழுத்து அதைக் கிளப்பினால், ஏகாம்பரநாதர் கோயில் புறாக்கள் காமாட்சியம்மன் கோயிலுக்குக் குடிபோகும்.

வெட்டுவதற்குப் புல்லும் வைத்திருந்தார். ஹாஸ்டலுக்குப் பின்னால், குப்பை கொட்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து அவரே வளர்த்த புல்தரை. அதன்மேல் நடக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. "துணி காயப் போடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டவளிடம், "உன்ன காயப் போட்டுருவேன்" என்றார்.

மெஷின் அவருக்கு வந்த கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வாலாஜாபாத் பக்கம் ஒரு தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் அவர் தோட்ட வேலை பார்த்தார். திடீரென்று ஒருநாள் தோட்டத்தைக் கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்டார்கள். மற்றவர்களை அனுப்பும்போது சால்வை போர்த்திப் போட்டோ எடுத்த சூப்பர்வைசர், இவரிடம் மட்டும், "அந்த ஓட்ட மெஷினையும் தள்ளிக்கினு போம்மா, எடத்த அடைச்சிக்கினு இருக்குது" என்று சொன்னாராம். பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. சைலன்சரம்மா மெஷினைத் தள்ளிக்கொண்டு நடந்தே தென்னேரிக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஜனம், இது என்ன புது மாதிரி இட்லி வண்டி என்று எட்டிப் பார்த்ததாம்.

அந்தச் சூப்பர்வைசருக்குப் பெரிய மீசை. அன்றிலிருந்து உலகத்தில் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் அந்த மீசைதான் உவமை. அரிசி வேகாவிட்டால் மீசைக்காரன் மனசு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மீசைக்காரன் வாக்கு. நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் எங்களுக்கும் அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. வேகாத அரிசியைச் சாப்பிட்டது நாங்கள்தானே.

ஹாஸ்டல் ஓனர் ஒரு பட்டு வியாபாரி. தெருக்காரர்கள் போய் முறையிட்டதும் வாசலோடு நின்று சொன்னார்: "இன்னொரு வாட்டி இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா மெஷினு காயலான் கடைக்குப் போயிடும். நீங்களும் வேற எடம் பாத்துக்கங்க."

அவர் தெருமுனை தாண்டியதும் சைலன்சரம்மா என் பக்கம் திரும்பினார். "உன் ஸ்கூட்டர் சும்மாதான நிக்குது?"

நான் டிரைவர் ஆனது இப்படித்தான்.

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

"இன்னா வண்டிக்கி?"

"புல்லு வெட்ற வண்டி."

"மாடல் இன்னாம்மா?"

"பச்ச."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். சாதாரண பேக்கிங் தாள் கொடுத்தார். வெட்டி மாட்டியதும் பாதிப் புல்தரை வரை மெஷின் நல்ல பிள்ளையாக ஓடியது. பிறகு தாள் கருகி, பழைய சத்தம் வட்டியோடு திரும்பி வந்தது; ஓனர் காதுக்கு எட்டுவதற்குள் அணைத்துவிட்டார். அடுத்து, பக்கத்துத் தெரு தறி வீட்டில் கழித்துப் போட்ட டிசைன் அட்டையை வாங்கி வந்தார். நல்ல கெட்டி அட்டைதான். ஆனால் சேலையில் பூ விழுவதற்காக அதில் வரிசை வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். ஓட்டையை அடைக்க ஓட்டை போட்ட அட்டையா என்று கேட்டதற்கு எனக்கு அன்று ரசம் இல்லை. அந்த அட்டை தீப்பிடித்தே எரிந்தது. பிறகு கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி வைத்தார். அது எரியவில்லை. அதற்குப் பதிலாக, சீவாளி உடைந்த நாதஸ்வரம் மாதிரி பாடியது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு ஒன்றைத் தூள் பண்ணி அடைக்கலாம் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கே எடுத்துப் போனபோது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்று கடைக்காரர் தடுத்தார்.

"என் நுரையீரல பத்தி இப்பதான் ஒருத்தன் கேக்குறான்" என்றார் சைலன்சரம்மா. ஆனாலும் தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

கடைக்காரர்தான் வழியும் சொன்னார். "நடுவுல தகரம் வெச்ச கருப்பு ஷீட்டு ஒண்ணு வரும்மா. எவ்ளோ சூடானாலும் தாங்கும். வாலாஜாபாத்துல பம்பு செட்டு சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட இருக்குது. பழைய ஃபேக்டரி சூப்பர்வைசரு. பெரிய மீசையா வெச்சிருப்பாரு."

சைலன்சரம்மா ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். "வூட்டுக்கு வுடு."

அதற்குப் பிறகு சில நாள் அவர் மெஷின் பக்கமே போகவில்லை. புல் வளர்ந்துகொண்டே போனது. ஒரு காலை, தோசை வார்த்துக்கொண்டே, "இன்னிக்கி உனக்கு லீவுதான?" என்றார். சைலன்சரைக் கழற்றி, துடைத்து, கட்டைப்பையில் வைத்திருந்தார். புதுப்புடவை கட்டியிருந்தார்.

வாலாஜாபாத் போகும் வழியெல்லாம் அவர் பின்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். மீசைக்காரனைக் கண்டதும் கேட்க வேண்டியதையெல்லாம் என் முதுகைப் பார்த்துக் கேட்டார். "மனுசனாடா நீ? மத்தவங்களுக்குச் சால்வ, எனக்கு ஓட்ட மெஷினா? நான் இன்னா மட்டமா?" சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்னைக் கேவலமாகப் பார்த்தார்.

கடை சின்னது. உள்ளே தடித்த கண்ணாடி போட்ட ஒரு வயதானவர், பனியனோடு உட்கார்ந்திருந்தார். மீசை இல்லை. சைலன்சரம்மா ஒரு கணம் தடுமாறிவிட்டு, பையிலிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அவர் அதை முகத்தருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, இது எங்க கம்பெனி மெஷினு சைலன்சரு. இந்த வெல்டிங்கு நான் போட்டதும்மா. உங்க கைக்கு எப்பிடி வந்திச்சு?"

சைலன்சரம்மா வாயைத் திறந்தார். அதற்குள் அவரே தொடர்ந்தார். "கார்டன்ல ஒரு ஆளு இத்த தள்ளிக்கினே இருப்பான். காலைல வந்தா சாயந்தரம் வரைக்கும். பேரு வாயில வர மாட்டேங்குது. ஆம்பள ஆளு. நீங்க அவன் சம்சாரமா?"

நான் ஸ்கூட்டர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கடை பற்றி எரியப் போகிறது என்றே நினைத்தேன்.

"ஆமா" என்றார் சைலன்சரம்மா.

"நல்லா இருக்கானா?"

"இருக்கான்."

அவர் கருப்பு ஷீட்டைச் சைலன்சரின் வாய்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரமெல்லாம் தட்டி அச்சு எடுத்து, வெட்டிக் கொடுத்தார். பழைய கம்பெனி ஆள் வீட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். சைலன்சரம்மா காசைச் சுத்தியலுக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார்.

திரும்பும்போது பின்னால் ஆள் இருக்கிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஊருக்குள் நுழையும்போது ஒரே ஒரு தடவை பேசினார்.

"மீசைய எடுத்துட்டான், பாத்தியா."

"ம்."

"இத்தினி வருசமா அந்த மீசையத்தான் திட்டிக்கினு இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடியது. உறங்குகிற பூனையின் குறட்டை மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. மெஷின் சத்தத்தையே அலாரமாக வைத்திருந்த இரண்டு பேர் மாதா கோயில் பூசையைத் தவறவிட்டார்கள். தெருவே தூங்கியது. இனி அவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி ஓனர் வரும்வரைதான். சத்தத்துக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கமே தலைகாட்டாத, மற்ற நாளில் வாசலோடு திரும்பிவிடுகிற மனிதர், சத்தம் நின்றுபோனதை விசாரிக்கக் கொல்லைப்பக்கம் வந்தார். புல்தரையை முதல் முறையாகப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தும் பார்த்தார்.

"இவ்ளோ எடம் சும்மாவா கெடக்குது?" என்றார்.

அவருடைய பட்டுக்கடைக்கு வரும் கார்களை நிறுத்த அங்கே கான்கிரீட் போடுவது என்று முடிவானது. நாங்கள் போய்க் கெஞ்சினோம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். சைலன்சரம்மா சண்டைக்குப் போவார் என்று காத்திருந்தோம். அவர் போகவில்லை. ஜல்லி வந்து இறங்கிய காலையில் மெஷினைக் கிளப்பி, கோடு பிசகாமல், மூலை முடுக்கு விடாமல் வெட்ட ஆரம்பித்தார். மேஸ்திரி சிரித்தார். "எப்பிடியும் மூடத்தான போறோம், எதுக்கும்மா வெட்டிக்கினு இருக்க?"

"பொணத்தக் கூட குளிப்பாட்டித்தான் மூடுவாங்க. நீ தள்ளு."

வெட்டி முடித்தார். புல்லை வாரி மூலையில் குவித்தார். எங்களுக்குச் சாம்பார் வைத்தார். சாயங்காலம் குட்டி யானை வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு தென்னேரிக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. வண்டி திரும்பும்போது, "பால அடுப்புல வெச்சிருக்கேன், பொங்கிடப் போவுது" என்று மட்டும் கத்தினார்.

புது வார்டன் மிகவும் நல்லவர். கேட்டால் இரண்டாவது காபி தருகிறார். ஆனால் இப்போது யாரும் கேட்பதில்லை.

தென்னேரியில் புல்லை ஆடுகளே பார்த்துக்கொள்வதால் மெஷினுக்கு வேலை இல்லை என்று கேள்வி. நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும், "வேல வெட்டி இல்லியா உனக்கு?" என்றுதான் வரவேற்பு. ஆனால் மழைக்காலத்தில், ஏரிப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் போன் செய்கிறார். "வானம் கறுத்துக்கினு வருது. அந்த ஓட்ட ஸ்கூட்டர எடுத்துக்கினு போயி எங்கியாவது உழுந்து கெடக்காத." நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவார்.

இப்போதெல்லாம் மேகம் கூடுவதைப் பார்த்தால், முதல் வேலையாகப் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.