மூன்றாம் நம்பர் ரீலும் அம்மாவின் தேங்காயெண்ணெயும்

வட்டாமு,
வெள்ளிக்கிழமை, அலை வற்றிய நேரம்

பெருமதிப்புக்குரிய கோம்பே மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் ஜும்வா பணிவோடு எழுதுவது. இங்கே அம்மா, நான், ஆடுகள், படகு எல்லோரும் சுகம். மொம்பாசாவில் உங்கள் வயிற்றுத் தையலும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். தையல் பிரிக்கும்வரை நீங்கள் சிரிக்கக் கூடாது, கோபப்படவும் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அத்தை சொல்லி அனுப்பினார். ஆகவே இந்தக் கடிதத்தை வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திக்கொண்டு படியுங்கள். தூண்டில் ரீல்கள் ஏழும் சுகமா என்று மட்டும் கேட்டு அனுப்பியிருந்தீர்கள். அக்கா சுகமா என்று கேட்கவில்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

மாமா, நீங்கள் உடனே கிளம்பி வரவேண்டும். காரணத்தை எழுதுகிறேன். மற்றவர்கள் எதிரில் என் வாய் திறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று வாசி என்று சொன்ன பயத்தில்தான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். நீங்கள் ஆபரேஷனுக்குப் புறப்பட்ட அன்று படகுக் கொட்டகையில் கேப்டன் அத்மானி என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. நீங்கள் வண்டியில் ஜன்னலோர இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தீர்கள். அவர் சொன்னார்: "கோம்பே வர்ற வரைக்கும் இந்தப் பொண்ணே ரீல் கழுவட்டும். ஆனா ஒரு ரீல் உப்புல இறுகினாலும் சரி, ரீலால ஒரு மீன் தப்பிச்சாலும் சரி, கோம்பே இடம் தோயாவுக்குத்தான். சம்மதமா?" உங்களுடைய பதினாறு வருஷ வேலை, மாமா. நான் தலையாட்டிவிட்டேன். தோயா கேப்டனுக்கு மச்சான் என்பதும், இரைமீன் வெட்டி வெட்டி அலுத்துப்போய் உங்கள் இடத்தின்மீது கண்ணாக இருக்கிறான் என்பதும் ஊருக்கே தெரியும். அன்றையிலிருந்து அவன் விசிலடித்துக்கொண்டேதான் இரை வெட்டுகிறான்.

நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைக் கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டினேன். படகு வந்ததும் கழுவு. டிராக்கை இறுக்கிவிட்டுக் கழுவு, முடிந்ததும் தளர்த்து. தண்ணீர் பூத்தூறலாக விழ வேண்டும், பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல தண்ணீர் வேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஆகாது. நிழலில் காயவை. மூன்றாம் நம்பரைத் திறக்காதே. எல்லாவற்றுக்கும் மெல்லிசாக எண்ணெய் போடு. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். முதல் மூன்று நாள் ஏழு ரீலும் மணப்பெண்ணின் வளையல் மாதிரி மின்னின.

நாலாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரில் உப்பு கொஞ்சம்தானே என்று ஒரு ரீலை அதில் கழுவிப் பார்த்தேன். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஓடிப்போய் வீட்டிலிருந்து குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்தேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "அடியே, சமைக்கத் தண்ணியில்ல, நீ மீன் புடிக்கிற மெஷினைக் குளிப்பாட்டுறியா? அதுக்குத் தலை துவட்டி, பவுடரும் போட்டு விடேன்!" அவள் திட்டி முடிப்பதற்குள் நான் கழுவி முடித்துவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் சுட்ட மரவள்ளிக்கிழங்குதான். ஆனால் உப்பு போயிற்றா இல்லையா என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத உப்புதான் ரீலைத் தின்னும் என்று நீங்களே சொல்வீர்கள். கொட்டகையில் யாரும் இல்லை. ரீலை எடுத்து நக்கிப் பார்த்தேன். ஒன்றாம் நம்பர் சப்பென்று இருந்தது. இரண்டாம் நம்பரும் அப்படியே. மூன்றாம் நம்பரின் அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தால் கேப்டனும் தோயாவும் வாசலில் நிற்கிறார்கள். நாக்கை உள்ளே இழுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"பாத்தியா மச்சான்," என்றான் தோயா. "பட்டினி தாங்காம ரீலைத் திங்குது. நாளைக்குத் தூண்டியையும் கடிக்கும்."

கேப்டன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "உப்பு இருக்கான்னு பாக்குறியா?" என்றார். தலையாட்டினேன். "கோம்பே சொல்லிக் குடுத்தானா?" அதற்கும் தலையாட்டினேன். அவர் இரண்டாம் நம்பரை எடுத்து, தாடியை ஒதுக்கிவிட்டு, தானும் ஒரு நக்கு நக்கிப் பார்த்தார். "அட, சுத்தமாத்தான் இருக்கு!" மறுநாள் சாயங்காலம் கரையில் நின்ற ஐந்து படகுகளிலும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து ரீல் நக்கிக்கொண்டிருந்தார்கள். இதற்கு 'கோம்பே முறை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வந்ததும் செய்துகாட்டச் சொல்வார்கள். நாக்கைப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இது போகட்டும். உங்கள் எண்ணெய்க் குப்பி காலி, மாமா. போகும்போது சொல்லியிருக்கலாம். கடைக்குப் போனேன். கடை வாசல் பெஞ்சில் பதினொரு ஆம்பளைகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள், ஆகவே திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போனேன், அப்போதும் அதே பதினொரு பேர். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு நுழைந்துவிட்டேன். கடைக்காரர், "என்னம்மா, உப்பா?" என்றார். பழக்க தோஷம், தலையாட்டிவிட்டேன். ரீலுக்கு எண்ணெய் வாங்கப்போய் ஒரு கிலோ உப்போடு வீட்டுக்கு வந்தவள் இந்தக் கடற்கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு வழி தெரியவில்லை. அம்மா தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெயை எடுத்துப் போனேன். கைப்பிடிக்குப் போட்டேன், அச்சுக்குப் போட்டேன். எல்லாவற்றுக்கும் என்று நீங்கள் எழுதியிருந்ததால் மூன்றாம் நம்பரின் இடுக்குக்குள்ளும் தாராளமாக ஊற்றினேன். அது உங்கள் செல்ல ரீல் அல்லவா, மற்றவற்றைவிடக் கூடுதலாகவே கவனித்தேன். அதைத் திறக்கவேயில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் ரென்ஸோ என்கிற இத்தாலிக்காரர் படகேறினார். பெரிய மனுஷர், பெரிய வயிறு. பத்து வருஷமாக வருகிறார், ஒரு மயில்மீன்கூட இதுவரை அவருக்குச் சிக்கியதில்லை. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் இனி வேறு படகுதான் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டார். மூன்றாம் நம்பரைத்தான் அவர் கையில் கொடுத்தார்கள். படகு கிளம்பியது. நானும் அம்மாவும் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். கடல்காற்று ஒரு வீசு வீசியதில் தூணில் மாட்டிய தாள் புரண்டது. அதற்குப் பின்பக்கமும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது, மாமா. தாளின் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவரை நான் என்னவென்று சொல்வது? பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'ஆனால் டிராக்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. பட்டால் என் வேலை போச்சு.'

அம்மா, "டிராக்குன்னா என்னடி?" என்று கேட்டாள்.

"பிரேக்கும்மா. மீன் இழுத்தா தூண்டில் நரம்பு கண்டபடி ஓடாம அதுதான் புடிச்சுக்கும்."

"சரி. பிரேக்குல தேங்காயெண்ணெய் ஊத்தினா என்ன ஆகும்?"

நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். அம்மாவின் முகம் மாறியது. "அடிப்பாவி, என் தம்பி வேலையில மண்ணைப் போட்டுட்டியே! அதுவும் என் எண்ணெயில!"

கரைக்கு ஓடினேன். படகு பாறைத்திட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இடுப்பில் சுற்றியிருந்த லேசுத் துணியை அவிழ்த்துத் தலைக்குமேல் ஆட்டினேன். கேப்டன் நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ரென்ஸோ முத்தம் ஒன்று பறக்கவிட்டார். தோயா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலடித்தான்.

அன்று பகல் முழுவதும் நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் படகு தெரிந்ததும் கம்பத்தைத்தான் முதலில் பார்த்தேன். கொடி இருந்தது, மாமா! மயில்மீன் கொடி, அதுவும் தலைகீழாக. அப்படியென்றால் பிடித்து, அடையாளச் சீட்டுக் குத்தி, உயிரோடு திருப்பி விட்டிருக்கிறார்கள். படகு நிற்பதற்கு முன்பே ரென்ஸோ தண்ணீரில் குதித்து, நனைந்த சட்டையோடு ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டார். அம்மா இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறாள்.

என்ன நடந்தது என்று தோயாதான் சொன்னான், எரிச்சலோடு. "மீனு கவ்வினதும் மூணாம் நம்பர்ல பிரேக்கே இல்ல. வழுக்கிக்கிட்டு ஓடுது. நரம்பு பூரா போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ரீல் சூடாகிப் புகை வருது. என்னடா வாசனைன்னு பாத்தா அடுப்படியில மகம்ரி பொரிக்கிற மாதிரி தேங்காயெண்ணெய் வாசம்! நடுக்கடல்ல எல்லாருக்கும் பசி எடுத்துருச்சு. அந்த இத்தாலிக்காரரு மீனைப் பாக்காம, என்ன பலகாரம்னு என்கிட்ட கேக்குறாரு. கேப்டன் படகைப் பின்னாலயே விட்டு மீனைத் தொரத்துறாரு. ரெண்டு மணி நேரம்! கடைசியில மீனுதான் களைச்சுப் போச்சு."

கேப்டன் மூன்றாம் நம்பரின் நரம்பை விரலால் உருவிக் காட்டினார். நடுவில் ஓரிடத்தில் பாதி அறுந்திருந்தது. தோயா முந்தின நாள் இரைக்கத்தியை அசட்டையாக அதன்மேல் வைத்ததில் விழுந்த வெட்டு அது என்று கேப்டனே சொன்னார். "பிரேக் மட்டும் நல்லாப் புடிச்சிருந்தா மீனு இழுத்த முதல் இழுப்புலயே படக்குன்னு அறுந்திருக்கும்," என்றார். பிறகு ரீலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என்னைப் பார்த்தார். "இதுவும் கோம்பே முறையா?"

நான் என்ன செய்வேன்? இல்லை என்றால் உங்கள் இடம் அந்த நிமிஷமே தோயாவுக்கு. தலையாட்டினேன், மாமா. இதுவரை ஆட்டியதிலேயே அதுதான் பெரிய ஆட்டு. கழுத்து இன்னும் வலிக்கிறது.

ஆக உங்கள் வேலை பத்திரம். ஆனால் மற்றப் படகுக்காரர்கள் தேங்காயெண்ணெயோடு வந்து கோம்பே எப்போது வருவார், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று என்னைக் கேட்கிறார்கள். யாராவது ஒருவர் ஊற்றிவிட்டால் நல்ல நரம்பு உள்ள ரீல்களும் கெடும், பழி உங்கள்மேல் விழும். இந்தப் பொய்யைச் சுமக்க என்னால் ஆகாது. ரீலும் வேண்டாம், கடலும் வேண்டாம், ஆட்டை மேய்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். தையல் பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் நாளை முதல் வண்டியிலேயே உடனே கிளம்பி வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். கடவுள் உங்கள் வயிற்றை நன்றாகத் தைத்து வைக்கட்டும், அதன்மேல் உப்புக்காற்று படாமல் காக்கட்டும். அம்மா தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள், எண்ணெய்க் குப்பியையும் ஞாபகப்படுத்தச் சொன்னாள்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
ஜும்வா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்ப வண்டிக்காரர் இரண்டு நாள் வரவில்லை. அதற்குள் சில சின்ன விஷயங்கள் நடந்துவிட்டன. மூன்றாம் நம்பரைத் திறந்துவிட்டேன். உள்ளே இருந்த எண்ணெயைத் துடைக்காமல் விட மனசு வரவில்லை. திரும்பப் பூட்டியபோது ஒரு குட்டி வளையம் மிஞ்சிவிட்டது. ஆனால் முன்னைவிட நன்றாகச் சுற்றுகிறது, ஆகவே அது அதிகப்படியானது என்று நினைக்கிறேன். திறந்து பரப்பி வைத்திருந்தபோது கேப்டன் வந்தார். சுற்றிப் பார்த்தார். அம்மாவின் எண்ணெய்க் குப்பி பக்கத்திலேயே இருந்தது.

"கோம்பே என்கிட்ட பதினாறு வருஷமா இருக்கான்," என்றார். "அவன்கிட்ட ஒரு ரகசியம் இருந்தா மூணே நாள்ல மாலிந்தி டவுன் வரைக்கும் தெரிஞ்சிரும். நக்குறது, எண்ணெய், எல்லாம் உன் வேலைதானே?" தலையாட்டினேன். "எண்ணெய் தப்புன்னு இப்பத் தெரியுமா?" தலையாட்டினேன். "கோம்பேக்கு இனி கனம் தூக்க முடியாது. அவன் உக்காந்தபடியே இரை வெட்டட்டும், தோயா கயிறு இழுக்கட்டும், ரீலெல்லாம் உன் பொறுப்பு. என்ன சொல்ற?" தலை தானாக ஆடியது. அவர் விடவில்லை. "எல்லாத்துக்கும்தான் ஆட்டுற. கூச்சத்துல ஆட்டுறியா, நெசமாத்தான் ஆட்டுறியா?"

அப்போது வாய் திறந்துவிட்டது, மாமா. எப்படி என்று தெரியவில்லை. "டிராக் தட்டு புதுசா மாத்தணும், கேப்டன்," என்றேன். "பழசுல எண்ணெய் ஊறிருச்சு. மொம்பாசாவுல கெடைக்கும். மாமா அங்கதான் இருக்காரு."

ஆகவே மூன்றாம் நம்பருக்கு ஏற்ற தட்டு ஒரு ஜோடியும், மிஞ்சிய வளையம் எதற்கு என்று கடையில் கேட்டு ஒரு பதிலும் வாங்கி வாருங்கள். இரைக்கத்தியைத் தீட்டி, உங்கள் பெயர் எழுதி, ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அவசரமில்லை. நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு மெதுவாக வாருங்கள்.