ரோதைக் கங்காணி கொண்டுவந்த பன்னிரண்டாவது ஆள்

ரோதைக் கங்காணியைப் போல மனிதனை எரிச்சல்படுத்தக்கூடிய இன்னொரு பிறவியை இலங்கையின் ஊவா மாகாணம் அதற்கு முன்பும் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை. இதை அடித்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவரோடு கடல் தாண்டித் திருச்சிக்குப் போய், உயிரோடும் ஓரளவு புத்தியோடும் திரும்பி வந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பயணத்தில் என் தலையில் முளைத்த முதல் நரை இன்னும் போகவில்லை. தன் கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டுவிட்டது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எங்கள் தோட்டங்களில் சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். சுற்றுகிற எதைக் கண்டாலும் இவர் நின்றுவிடுவார். ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டு, தேயிலை ஸ்டோர் என்கிற ஆலைக்குள் நுழைந்து பெரிய ரோதையின் முன்னால் வாயைத் திறந்தபடி நிற்பார். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கங்காணியைக் காணோம் என்றால், தேட வேண்டிய இடம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கடைத்தெருவுக்குப் போனால், தையல்கார நானாவின் மெஷின் முன்னால் குந்திவிடுவார்.

“கங்காணி, தைக்கத் துணி ஏதும் கொண்டு வந்தீங்களா?” என்று நானா கேட்பார்.

“இல்ல நானா. நீங்க மிதிங்க, நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“மிதிக்கத் துணி வேணுமே கங்காணி!”

“துணி என்னத்துக்கு நானா? ரோதை சுத்தினாப் போதும்.”

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் துரை, தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிவர அனுப்பினார். முந்தின தடவை போனபோது வழியில் ஒரு குயவரின் சக்கரத்தைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டாராம். கூட்டிவந்த ஆட்கள் தாங்களாகவே வழி விசாரித்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கங்காணி ஒரு வாரம் கழித்து வந்தார். ஆகவே இந்தத் தடவை அவருக்குக் காவலாக என்னையும் போகச் சொன்னார் துரை.

அப்போது நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தற்காலிகக் கணக்கப்பிள்ளை. ‘தற்காலிகம்’ என்ற அந்த ஒரு சொல்தான் என் வாழ்க்கையின் முட்டுக்கட்டை. லுணுகலைப் பக்கத்தில் ஒரு பெரிய கணக்கப்பிள்ளை தம் மகளை எனக்குத் தர இசைந்திருந்தார். ஆனால், “வேலை நிரந்தரமாகட்டும் மாப்பிள்ளை, அப்புறம் நாள் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டார். துரையோ, தகரத்தில் தோட்டத்து எண் குத்திய பன்னிரண்டு தகடுகளை என் கையில் கொடுத்து, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “பன்னண்டு தகடு. பன்னண்டு ஆள். கொண்டு வா, வேலை நிரந்தரம். ஒரு ஆள் குறை, நீ போ.”

அந்தத் தகட்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டவர் ரயிலுக்கும் கப்பலுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. செலவு தோட்டத்தைச் சேரும். அதாவது என் கல்யாணம் பன்னிரண்டு பேர் கழுத்தில் தொங்கியது.

திருச்சிப் பக்கத்தில் நாயாய் அலைந்து பன்னிரண்டு பேரைச் சேர்த்தேன். புறப்படுகிற அன்று காலையில் பன்னிரண்டாவது ஆளான கருப்பையாவின் பெண்சாதி வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நியாயம் பேச வாயைத் திறப்பதற்குள் கங்காணி அவன் கழுத்துத் தகட்டைக் கழற்றிவிட்டார்.

“போகட்டும் தம்பி. அந்தப் புள்ள அழுவுது.”

“நானும்தான் அழுவேன் கங்காணி! பன்னெண்டாவது ஆளுக்கு எங்க போறது?”

“அதுக்கா இந்தக் கூச்சல்? தகட்ட இப்பிடிக் குடுங்க. பொழுது சாயறதுக்குள்ள ஒரு ஆளோட வர்றேன்.”

கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை. சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த சத்திரத்துக்குச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

“ஆள் கிடைச்சுதா?”

“கிடைச்சாச்சு தம்பி. நல்ல வாட்டசாட்டம். சோறு கேக்காது, சண்டை பிடிக்காது.”

“எங்க ஆளு?”

“வாசல்ல நிக்குது.”

வாசலில் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு புது சைக்கிள் நின்றது. சீமையிலிருந்து வந்த சரக்கு. கங்காணி தம் ஆயுள் சேமிப்பு முழுவதையும் கடைக்காரனிடம் கொட்டிவிட்டு வந்திருந்தார். அதன் கைப்பிடிக்குக் கீழே, கழுத்து என்று சொல்லத்தக்க இடத்தில், கருப்பையாவின் தகடு தொங்கியது.

நான் என்னென்ன சொன்னேன் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி களைச்சுப் போயிருக்கீங்க, தண்ணி குடிங்க” என்றார். வேறு ஆள் தேட நேரமில்லை. விடிந்தால் ரயில்.

“சரி, தொலையட்டும். அந்தத் தகட்ட அவுத்துட்டு, இதச் சாமானாப் போடுங்க” என்றேன்.

“சாமான்னு சொல்லாதீங்க தம்பி. காதுல விழுந்தா வருத்தப்படும்.”

ரயிலில் அதற்கு ஜன்னலோர இடம். வழியில் ஒரு கிழவி உட்கார இடம் கேட்டபோது கங்காணி தாம் எழுந்து நின்றார். சைக்கிளை நகர்த்தவில்லை.

கடல் தாண்டும் முன்பு ஆட்களை ஒரு முகாமில் நிறுத்தி, நோய் நொடி பார்த்து, அம்மை குத்தித்தான் கப்பலுக்கு விடுவார்கள். முகாம் குமாஸ்தா பட்டியலைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். பதினொரு பேரும் ஒழுங்காகப் போய் நின்றார்கள். பிறகு, “கருப்பையா!” என்றார்.

‘டிரிங்’ என்று மணி அடித்தது. கங்காணி சைக்கிளை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“என்னய்யா இது?”

“ஆளுங்க.”

“ஆளா? சைக்கிள்யா இது!”

“தகடு இருக்குதுங்களே.”

“தகடு கழுத்துல இருக்கணும்!”

“கழுத்துலதாங்க கட்டியிருக்கு. நல்லாக் குனிஞ்சு பாருங்க.”

குமாஸ்தாவின் முகம் மிளகாய்ப் பழம் போலச் சிவந்தது. ஒரு தகடு பிசகினாலும் பன்னிரண்டையும் நிறுத்திவைப்பேன் என்றார். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு லுணுகலையில் யாருக்கோ மாலை விழுவதும், மணவறையில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதும் கண்ணில் தெரிந்தன. அந்த நேரத்தில் அம்மை குத்துகிற கம்பவுண்டர் வந்து சேர்ந்தார். குத்தலான ஆசாமி.

“அட, ஆளுன்னா ஆளாகவே இருக்கட்டும் சார். ஆளுக்கு அம்மை குத்தணுமே. குத்தட்டுமா கங்காணி?”

“குத்துங்க சாமி. எல்லாருக்கும் உள்ளதுதானே.”

கம்பவுண்டர் விளையாட்டாகத்தான் ஊசியை நீட்டினார் என்று நினைக்கிறேன். ஆனால் ஊசி முன்சக்கரத்தில் இறங்கிவிட்டது. ‘உஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கிளம்பியது. கங்காணி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு துள்ளினார்.

“மூச்சு விடுது பாத்தீங்களா! உசிரு இல்லாததுக்கு மூச்சு வருமா? எழுதிக்கிங்க சாமி, ஆளுதான்!”

குமாஸ்தா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்துவிட்டு, “போய்த் தொலைங்கய்யா எல்லாரும்” என்று முத்திரையைக் குத்தினார். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. கப்பல் போய்ச் சேரும் வரைக்கும் தொய்ந்துபோன முன்சக்கரத்துக்கு ஈரத்துண்டைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, அம்மை குத்தினா மூணாம் நாள் காய்ச்சல் வருமே. இதுக்கும் வருமோ?”

“எனக்கு வந்துருச்சு” என்றேன்.

அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு சரி. அங்கிருந்து பதுளைக்கு நடைதான், பெரும்பாலும் இறக்கம். சைக்கிள் என்ற வாகனம் பிறந்ததே இப்படிப்பட்ட சாலைக்காகத்தான் என்று யாரும் நினைப்பார்கள். கங்காணி நினைக்கவில்லை. கல்லில் பட்டால் ரோதை தேய்ந்துவிடுமாம். ஆட்கள் நாலு நாலு பேராக முறை வைத்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் முன்னால் நடந்தேன், கூட்டத்தோடு எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல. எதிரே வந்த வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தினார்கள். சாமி ஊர்வலமோ, சாவு ஊர்வலமோ என்று புரியாமல் ஒருவர் தலைப்பாகையை எடுத்தார், இன்னொருவர் கும்பிட்டார். ஹாலி எலையில் ஒரு கடைக்காரர் தேங்காயே உடைத்துவிட்டார்.

பதுளைக் கடைத்தெருவில் தையல்கார நானா மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தார்.

“என்ன கங்காணி கூத்து இது? ரெண்டு ரோதை இருக்குதே, உருட்டினா வராதா?”

“உருட்டினா வரும் நானா. மனசு வரல்லியே.”

நானா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டு. பெரட்டு என்றால் துரை ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணி, அன்றைய வேலைக்குப் பிரித்து அனுப்புவது. பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. புதிய ஆட்கள் பதினொரு பேர் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டாவதாகக் கருப்பையா, ஒரு கல்லின் துணையோடு நின்றது. துரை குதிரையிலிருந்தபடியே எண்ணிக்கொண்டு வந்தார். பதினொன்றில் நின்றார். சைக்கிளைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

“பன்னண்டு ஆள் எங்கே?”

நான் கங்காணியைப் பார்த்தேன்.

“நீ போ” என்றார் துரை. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது கங்காணி வரிசைக்கு முன்னால் வந்தார்.

“தொரைகளே, தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. தம்பி ரயில்லயும் ஏசுச்சு, கப்பல்லயும் ஏசுச்சு, பண்டாரவளையில இருந்து வழி நெடுக ஏசிக்கிட்டேதான் வந்துச்சு. நான்தான் கேக்கல்ல. ஒரு ஆளு குறையுது, அம்புட்டுத்தானே? அந்த ஆளு நான்.”

கங்காணி என்றால் கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியும். வேலை வாங்குகிறவர், செய்கிறவரல்ல. மண்வெட்டியைத் தொட்டால் அந்தக் கௌரவம் போயிற்று. இவர் கோட்டைக் கழற்றினார். வைக்க வேறு இடமில்லாமல் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். தலைப்பாகையை மணியின் மேல் வைத்தார். தடியை அதன்மேல் சாய்த்தார். பிறகு வெறும் உடம்போடு போய்ப் பன்னிரண்டாவது இடத்தில் நின்று, பக்கத்து ஆளின் கையிலிருந்து கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டார்.

துரை கோட்டும் தலைப்பாகையுமாக நின்ற சைக்கிளை வெகு நேரம் பார்த்தார்.

“அப்போ இது கங்காணியா?” என்றார்.

பெரட்டுக்களமே கொல்லென்று சிரித்தது. துரையின் மீசையும் துடித்தது. குதிரையைத் திருப்பிக்கொண்டு, “சரி. ஒரு வருஷம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. லுணுகலையில் நாள் பார்த்தார்கள், மாலை என் கழுத்திலேயே விழுந்தது. கங்காணி ஒரு வருஷம் கருப்பையாவாக வாழ்ந்தார். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டுகிற வேலை, முதுகு நிமிராது. கையெல்லாம் கொப்புளம். “விட்டுடுங்க, தொரைகிட்ட நான் பேசுறேன்” என்று எத்தனையோ தடவை சொன்னேன். “கணக்கு குறையும் தம்பி” என்பார். சாயங்காலம் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். கொழுந்து பறித்துவிட்டு வருகிற பெண்களும் கூடையோடு நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அவர் ஒரு நாளும் அதில் ஏறவில்லை.

“இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தீங்களே, ஒரு தடவையாவது ஏறி ஓட்டுங்களேன்!” என்று பல்லைக் கடித்தேன்.

“ஏறி உக்காந்துட்டா ரோதைய எப்பிடித் தம்பி பாக்கிறது?”

வருஷம் முடிந்தது. துரை போதும் என்றார். கங்காணி பழையபடி கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு, தடியோடு வரிசைக்கு வெளியே வந்து நின்றார். முதுகு மட்டும் பழையபடி நிமிரவில்லை. அன்று காலை பெரட்டில் நான் பெயர் வாசித்தேன். பழக்கதோஷத்தில் பதினொன்றுக்குப் பிறகும் வாய் நிற்கவில்லை.

“கருப்பையா!”

எனக்குப் பின்னாலிருந்து கங்காணியின் கரகரத்த குரல் வந்தது.

“இருக்கேன் தம்பி.”

எனக்குக் கண் மறைத்தது, பட்டியலை மூடிவிட்டேன். அதற்கும் சேர்த்து அன்றைக்கு அவரை நன்றாக ஏசினேன்.