பெயர் வைக்காத பேஷண்ட்

சந்தேகப்படுவதற்கென்று தென்காசியில் ஒரு சங்கம் தொடங்கினால் புழு சார்தான் அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம். உறுப்பினர்களை மட்டும் சேர்க்க மாட்டார். வருகிறவன் எதற்கு வருகிறானோ என்று யோசிப்பார்.

ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். வீடு இலத்தூரில். சாரல் விழுந்து ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு ஓடி வருகிற சீசனில், இவர் மட்டும் எதிர்த்திசையில் பஸ் ஏறி, மணப்பாட்டுக் கடற்கரையில் போய் முழங்கால் தண்ணீரில் நிற்பார். அமாவாசை, பௌர்ணமி தவறாது. அன்றைக்குத்தான் கடல் நன்றாக உள்வாங்கிப் பாறையெல்லாம் வெளியே தெரியுமாம். கல்லைப் புரட்டிப் புழு தேடுவார். விஷயம் தெரியாதவர்கள், மாந்திரீகம் பண்ணப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். தெரிந்தவர்கள், அதற்கு மாந்திரீகமே தேவலை என்றார்கள்.

நான் அப்போது தென்காசியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொடுப்பது என் வேலை. ஒருநாள் மதியம் புழு சார் ஒரு சின்னக் குப்பியோடு வந்து நின்றார். ரிசப்ஷனில் இருந்த சண்முகத்தாய் அக்கா கம்ப்யூட்டரில் கை வைத்தாள்.

"பேஷண்ட் பேரு?"

"இன்னும் வைக்கலை."

பச்சைப்பிள்ளை போல என்று நினைத்து அக்கா குரலை இறக்கினாள். "வயசு எத்தனை நாளு?"

"தெரியாது."

"ஆணா, பொண்ணா?"

"ரெண்டும்தான்."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஒருத்தரு ஒரு தினுசாப் பேசுதாரு, சட்டுனு இங்கன வா" என்று கத்தினாள்.

குப்பிக்குள் கட்டைவிரல் நகத்தளவில் பழுப்பாக ஒரு சவ்வு கிடந்தது. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருக்கிற கடல் தட்டைப்புழு. உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காத இனமாக இருக்குமோ என்பது சாரின் சந்தேகம்.

"மேல பாத்தா நாலஞ்சு இனம் ஒண்ணு போலத்தான் இருக்கும். உள்ள இருக்க இனப்பெருக்க உறுப்பப் பாத்தாத்தான் புதுசா பழசான்னு சொல்ல முடியும். நீங்கதான் சீவித் தரணும். பாத்துச் செய்ங்க, இது ஒண்ணுதான் இருக்கு."

டாக்டரம்மா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நம்ம பேஷண்ட் வேலையெல்லாம் முடிச்சிட்டு, செஞ்சு குடு" என்றார்.

அன்றிலிருந்து மதியம்தோறும் சார் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். லேபிளைத் தன் கையால்தான் எழுதுவார். "பக்கத்துல இருக்க அப்பெண்டிக்ஸோட மாறிப்போச்சுன்னா? ஒரு அப்பெண்டிக்ஸுக்குப் புது இனம்னு பேரு வச்சிட்டு நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா?" சுவரில் இருந்த கேமராவைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அதன் மேல் கைக்குட்டையைத் தொங்கவிட்டார். நான் அன்றைக்குக் காப்பி குடித்தேனா, கை நடுங்குமா என்று கேட்டார். அதுவரை நடுங்காத கை, அவர் கேட்டபிறகு நடுங்கியது.

சீவும்போது மெழுகுத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் மாதிரி வரும். மூச்சு பட்டாலே பறக்கும். அதனால் ஃபேனை அணைத்திருந்தோம். சரியாக அவருக்கு வேண்டிய உறுப்பு வருகிற நேரத்தில் அக்கா உள்ளே வந்தாள். "இந்த வேக்காட்டுல எப்படிட்டி இருக்கே?" என்று பரிதாபப்பட்டு சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

ரிப்பன் எழும்பி, மேசையைத் தாண்டி, அலமாரிக்கு அடியில் போனது. நான் தரையில் முட்டி போட்டு அரைமணி நேரம் தேடினேன். கிடைத்ததைத் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

சார் சத்தம் போடவில்லை. மெதுவாகக் கேட்டார்: "யாரு சொல்லிச் செஞ்சீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "ஒங்க புழுவ வச்சு நாங்க என்ன சார் செய்யப் போறோம், ஊறுகாயா போடப் போறோம்?" என்று கேட்டுவிட்டேன். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"செய்வினை வச்சிருவாரோ?" என்று அக்கா கலங்கினாள். எனக்கு அந்தப் பயமில்லை. பெயர்கூட வைக்காத ஒன்றைக் காற்றில் விட்டுவிட்டோமே என்றுதான் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சார் வந்தார். கையில் இன்னொரு குப்பி.

"இது?"

"அதே இனந்தான்."

"ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னீங்களே சார்!"

"சொன்னேன். ஒங்க மேல சந்தேகம் இருந்துச்சு."

"இப்ப இல்லையா?"

ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். "நடிக்கவங்க அப்படித் தரையில கெடந்து தேட மாட்டாங்க. இப்ப ஃபேன் மேலதான் சந்தேகம். இதுதாம்மா கடைசி, இனிமே ஒளிச்சு வைக்க எதுவுமில்ல" என்றவர், ஸ்டூலில் ஏறி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான்கு மதியங்கள் வேர்வையில் குளித்துக்கொண்டு சீவினேன். ஒரு துண்டுகூடத் தப்பவில்லை. ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏறிய ஸ்லைடுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"புதுசுதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. அடுத்த நொடியே, "இருங்க, இன்னொரு தடவ பாத்துக்கிடுதேன்."

அந்த இன்னொரு தடவை ஒரு வருஷம் நீடித்தது. வெளிநாட்டு நிபுணர்களிடம் கருத்துக் கேட்டபோது, ஒருவருக்குத் தலைப்பக்கப் படம், இன்னொருவருக்கு வால்பக்கப் படம். முழுசாக அனுப்பினால் பெயரை அவர்களே வைத்துவிடுவார்களாம். கட்டுரை ஒருவழியாக அச்சேறியது. பெயர் என்னவென்று அதுவரை எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை; அச்சில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது, கட்டுரை வருவதற்கு முந்தைய ஒரு சாயங்காலம். புது இனத்துக்கு ஆதாரமாக அந்த ஸ்லைடுகளைச் சென்னையில் ஒரு சேகரிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். கூரியரை நம்ப முடியுமா? சாரே கிளம்பினார். நானும் அக்காவும் வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். ஸ்லைடுப் பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றார். பெஞ்சில் வைக்கவில்லை. அக்கா கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்.

ரயில் வர நேரமிருந்தது. சார் என்னைப் பார்த்தார்.

"இதக் கொஞ்சம் பிடிம்மா. ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

டீக்கடை பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அத்தனை தூரமும் மனுஷன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.