செல்லூர் சைக்கிள் பாதை

விடிந்ததும் விருமாண்டி வந்து பார்த்தபோது, முந்தின நாள் அவன் நட்ட கற்களுக்கு யாரோ மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள்.

"அடக் கடவுளே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அங்கே கடவுள்தானே பிரச்சனை.

யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் மதுரையில் சைக்கிள்கள் ஈசல் மாதிரிப் பெருகிவிட்டன. மில்லுக்குப் போகிறவர்கள் மாட்டுவண்டிக்கும் ஜட்காவுக்கும் நடுவில் மாட்டி, தினமும் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி சைக்கிள் பாதைக் கமிட்டி ஒன்று வைத்தார்கள். சந்துகளை ஒன்றோடொன்று இணைத்து, ஊர் முழுக்கச் சைக்கிளுக்கென்றே வழி போட வேண்டும். அதற்குத் திட்டம் போட அமர்த்தியது விருமாண்டியை. முதலில் செல்லூர்ப் பாதை. அது ஒரு மாதம் விபத்தில்லாமல் ஓடினால் மற்றப் பாதைகளும் அவனுக்கே, வேலையும் நிரந்தரம்.

வேலை நிரந்தரமானால்தான் செல்லத்தாய் திரும்பி வருவாள். "நிலையான சம்பளம் இல்லாதவன் வீட்டுல எம்மக எதுக்கு அடுப்பூதணும்?" என்று மாமனார் அவளைத் திருமங்கலத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். பாவம், விருமாண்டி அன்றிலிருந்து தானே பொங்கி, தானே தின்று, தானே தன்னைத் திட்டிக்கொண்டு கிடந்தான்.

மாட்டுவண்டி நுழையக் கூடாதென்றுதான் பாதையின் இரு முனையிலும் கல் நட்டான். அந்தியிலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்துவைத்தான். மதுரையில் பிறந்து வளர்ந்தவன் அதைக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா?

கல்லுக்கு எதிரே ஒச்சாயி என்ற கிழவி பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இது சைக்கிள் பாதைக் கல்லு. சாமி இல்ல."

"காவிப்பட்டை போட்டு நிக்குது, சாமி இல்லங்கிற! கன்னத்துல போட்டுக்க தம்பி, ஆத்தா கோவிச்சுக்குவா."

பட்டை இருந்தால்தானே அம்மன்? அன்று மத்தியானமே ஒரு டின் தார் வாங்கி வந்து, கற்களை உச்சி முதல் அடி வரை கறுப்பாக்கினான். இனி எவள் பொங்கல் வைக்கிறாள் பார்ப்போம் என்று நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் பொங்கல் இல்லை. சுருட்டும் சாராயமும் இருந்தன. வண்டிக்கார மொக்கையன் பக்கத்தில் பெரிய அரிவாள் ஒன்றை நட்டுக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

"கருப்பசாமி எறங்கியிருக்காரு மாப்ள! நேத்து வரைக்கும் ஆத்தா இருந்த எடம். எம்புட்டு வேகமா வந்து நின்னுட்டாரு பாத்தியா?"

"நான்தாண்ணே தார் பூசுனேன்!"

"நீ எங்க பூசுன? அவருல்ல உன் கையப் புடிச்சுப் பூச வச்சாரு!"

கல்லைப் பிடுங்கிவிட ஆள் தேடினான். கூலியை ஏற்றித் தருவதாகச் சொல்லியும் செல்லூரில் ஒருவனும் கடப்பாரையைத் தொடவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டி, தானே கல்லைக் கட்டிப்பிடித்து இழுத்தான். கல் அசையவில்லை. இடுப்புதான் மளுக்கென்றது.

"கருப்பு கேட்டுட்டாருடோய்!" என்று தெருவே கூடிவிட்டது.

விருமாண்டியை ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் போட்டார்கள். சாமிக்குக் கிடா வெட்டினார்கள். மறக்காமல் அவனுக்கும் ஒரு பங்கு கறி வந்தது.

மாதக் கடைசி வரை இடுப்புப் பிடிப்பு விடவில்லை. பாதை என்ன ஆயிற்று என்று விசாரிக்கவே பயம். வேலையும் போச்சு, செல்லத்தாயும் போச்சு என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதான்.

அப்போதுதான் கமிட்டித் தலைவர் நூருல் அமீன் சாகிபு உள்ளே நுழைந்தார். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

"படும்யா, படும். மாஷா அல்லா! மத்த ரோட்டுல எல்லாம் மண்டை ஒடையுது. உம்ம பாதையில ஒருத்தனுக்கு முட்டிகூடச் செராய்க்கலயே!"

"மாட்டுவண்டி வரலீங்களா?"

"ஒரு மாடு எட்டிப் பாக்கல. வேலை உமக்கு நிரந்தரம். மத்தப் பாதைக்கும் இதே மாதிரி கறுப்புக் கல்லு நட்டுரும்!"

விருமாண்டியின் இடுப்பு வலி அந்த நிமிஷமே பாதி குறைந்துவிட்டது. மீதியையும் பொறுத்துக்கொண்டு திருமங்கலம் போனான். நிரந்தரம் என்று கேட்டதும் மாமனாரே மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். ரயிலில் வந்து இறங்கி, செல்லத்தாயைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு, மணியடித்தபடி தன் பாதைக்குள் நுழைந்தான்.

"பாரு புள்ள, நான் போட்ட பாதை! இம்புட்டுப் பத்திரமான பாதை சீமையில கூடக் கெடையாதாம்."

"நெசமாவா?" என்று செல்லத்தாய் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கல்லடியில் பூ விற்றுக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு, கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்ணே, கூறு இருக்கா ஒனக்கு? கருப்பு எல்லையில சைக்கிள்ல ஏறி உக்காந்தா வாரது? இந்த மொனையில இருந்து அந்த மொனை வரைக்கும் மில்லுக்காரங்க அம்புட்டுப் பேரும் எறங்கித் தள்ளிக்கிட்டுல்ல போறாங்க!"