நிற்கும் வானுக்கு ஒரு கண்டக்டர்

கொழும்பு மாநகரத்தில் ஓடாத வாகனத்தை நேரம் தவறாமல் ஓட்டிய ஒரே சாரதி எங்கள் வான் அங்கிள்தான். சந்தேகம் இருந்தால், ஊரடங்கு ஆண்டில் முதலாம் வகுப்பில் பிள்ளை வைத்திருந்த வெள்ளவத்தைத் தாய்மார் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கொட்டாவி விட்டபடியே ஓம் என்பார்கள். ஒரே ஒரு நாள் அவர் பிந்தினார். அதற்கு அவர் சொன்ன காரணம் பிறகு வரும்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் 'வான் அங்கிள்' என்றுதான் இருந்தது. மற்றத் தாய்மாரின் போன்களிலும் அப்படித்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்து பாமன்கடைக்குக் குடிவந்தவர். துறைமுகத்தில் நிற்கிற கப்பலைக் கரையில் நின்றே கூப்பிடக்கூடிய தொண்டை. வெள்ளை வான், கண்ணாடியில் தொங்கும் செபமாலை, அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பிள்ளையின் அம்மா கொடுத்த பிள்ளையார். இருவரும் வளைவுகளில் மோதிக்கொள்வார்கள். இதுவரை சண்டை வந்ததில்லை என்பார்.

அவருடைய வானில் ஒரு சட்டம் இருந்தது. ஆகச் சின்னப் பிள்ளை முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைதான் கண்டக்டர். கதவு பூட்டியதும் கண்டக்டர் "ரைட்!" என்று கத்தினால்தான் வான் நகரும். பின்னால் பஸ் நின்று ஹோர்ன் அடித்தாலும் சரி, பொலிஸ்காரர் வந்து தட்டினாலும் சரி, கண்டக்டர் சொல்லாமல் அவர் கியர் போடமாட்டார்.

அந்த ஆண்டின் கண்டக்டர் என் மகன் ஆரன். ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போனான். அவன் கீழே கத்தும் "ரைட்" எங்கள் நாலாம் மாடிக்குக் கேட்கும். சில வாரங்கள்தான். பிறகு பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன, வீதியும் பூட்டப்பட்டது.

நான் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் செய்த செயலிகளில் பிழை தேடிப் பட்டியல் போடுவது என் வேலை. ஊரடங்கோடு அந்த வேலை எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. கணவர் டோஹாவில் மாட்டிக்கொண்டார். மேசையின் ஒரு முனையில் என் அலுவலகம், மறு முனையில் ஆரனின் வகுப்பு, இரண்டுக்கும் நடுவில் ரைஸ் குக்கர். ஆரன் மேசைக்குக் கீழே.

வகுப்பு என்றால் கீழே போய்விடுவான். போனை அவன் முன்னால் நிறுத்தினால் அதைக் கூரை பார்க்கத் திருப்பிவிடுவான். பின்னேரம் ரீச்சர் பயிற்சித் தாள்களைப் படம் எடுத்து அனுப்புவார். பிரின்ற் எடுக்கிற கடை பூட்டிக் கிடந்ததால், நான் ஒரு காதில் அலுவலகக் கூட்டத்தைக் கேட்டபடி யானையையும் குடையையும் கையால் வரைவேன். என் யானைக்குக் கீழே ஆரன் 'குடை' என்று எழுதினான். படத்தைத் திரும்பப் பார்த்தேன். அவனில் பிழை இல்லை.

எழுதுவான், கதைக்கமாட்டான். முதலில் வகுப்பில் கதைக்காமல் இருந்தான். பிறகு போனில் அப்பாவோடும் கதைக்கவில்லை. கடைசியில் என்னோடும் தலையாட்டல்தான். ரீச்சர் ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"ஆரன் அம்மா, பிள்ளை ஒரு சொல்லும் சொல்லுறான் இல்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் தெரியிறது உங்கட ஃபேன் மட்டும்தான். இதை இப்பிடியே விடாதேங்கோ."

அதோடு என்னுடைய பட்டியல்கள் எல்லாம் ஒரே வரிக்கு வந்தன: பிள்ளையின் குரல் திரும்பி வரவேண்டும். சொக்லட் கொடுத்துப் பார்த்தேன். புதிய ஹெட்போன் வாங்கினேன். மேசைக்குக் கீழே நானும் போய் இருந்து பார்த்தேன். அங்கிருந்தே ஒரு அலுவலகக் கூட்டத்தையும் முடித்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

அப்படி ஒரு காலையில், நான் பல்துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மகள், புள்ள ரெடியா?"

"அங்கிள், ஸ்கூல் பூட்டியெல்லோ இருக்கு?"

"ஸ்கூல் பூட்டல்ல மகள். ரோட்தான் பூட்டியிருக்கு. எல்லாப் புள்ளைங்களையும் ஏத்தணும். நீங்க கொம்பியூட்டர் வேலைதானே, அந்த மூஞ்சி தெரியிற கோல் ஒண்டு போட்டுக் குடுங்க."

"எதுக்கு அங்கிள்?"

"எதுக்கா? வான் போறதுக்கு!"

இருக்கிற வேலை போதாதென்று நான் ஒரு வானுக்கும் தொழில்நுட்பப் பொறுப்பாளரானேன். என் கணக்கில் ஒரு வீடியோ அழைப்பு. வகுப்புக்கு முன்னால் வழக்கமான நேரத்தில், வழக்கமான ஒழுங்கில் அவர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் ஒவ்வொருவராக உள்ளே விடவேண்டும். அவர் தன் வீட்டு வாசலில் நின்ற வானுக்குள் இருந்தார். போனை ஸ்டியரிங்குக்கு முன்னால் சொருகியிருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவருடைய மூக்கு, அயர்ன் பண்ணிய சேர்ட் கொலர், செபமாலை, பிள்ளையார், பின்னால் ஒரு மாமரம்.

இரண்டாம் நாளே யன்னல் சீட்டுக்குச் சண்டை வந்தது. திரையில் கரையோரக் கட்டங்களில் இருப்பவர்கள்தான் யன்னலோரம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அங்கிள், சஞ்சு என்ட யன்னலில இருக்கிறான்!"

"சஞ்சு, எழும்பு. நேத்து நீதானே யன்னல்?"

நான் குறுக்கிட்டேன். "அங்கிள், அந்தக் கட்டம் ஒவ்வொருத்தற்ற போனிலயும் ஒவ்வொரு இடத்தில வரும். அது இருக்கை இல்லை."

"மகள், சீட் விஷயத்தில நீங்க தலையிடாதீங்க. சாரதி நான்."

வான் புறப்பட்டால் அவர் வீதியைச் சொல்லிக்கொண்டே போவார். இதோ காலி வீதி, இதோ சந்தை, கோயில் வந்துவிட்டது கும்பிடுங்கள், இப்போது சேர்ச், சிலுவை போடுங்கள். எந்தப் பிள்ளையும் இரண்டில் ஒன்றை விடுவதில்லை. இடையிடையே குனிந்து நீளமாக ஹோர்ன் அடிப்பார். அந்தச் சத்தம் ஏதோ தொண்டை அடைத்த மாடு மாதிரி வரும். இணைய வேகம் குறைந்தால் ஒலி அப்படித்தான் உடையும் என்று நான் தாய்மாருக்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். மிகவும் தெளிவான விளக்கம்.

ஒரு நாள் பின் சீட்டுப் பெண்பிள்ளை ஒன்று கேட்டது: "அங்கிள், அந்த மாமரம் ஏன் எங்களோடயே வருது?"

"அது வேற மரம்."

"காயும் அதேதான் அங்கிள்!"

"ரோட்ட பாக்கிறேன், கதை குடுக்காத!"

அதே பிள்ளைக்கு முன்பு வானில் சத்தி வருவது வழக்கம். அதனால் அவளுடைய அம்மா ஒவ்வொரு நாளும் பொலித்தீன் பை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது அங்கிளின் கட்டளை. நாங்கள் சிரித்தோம். பம்பலப்பிட்டி வளைவு என்று சொல்லி அவர் போனையும் சேர்த்து ஒரு பக்கம் சரித்த நாளில், வீட்டுக் கதிரையில் அசையாமல் இருந்த அந்தப் பிள்ளை பையை நிரப்பியது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பிந்திய நாள் இதுதான். பாதி வழியில் அவர் திடீரென்று, "பஞ்சர்!" என்று இறங்கிப் போனார். நாங்கள் வெறும் சீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிள்ளைகள் வகுப்புக்குப் பிந்திப் போனார்கள். ரீச்சர் கேட்டதற்கு எல்லாரும் ஒரே குரலில், "டயர் பஞ்சர் மிஸ்!" நான் அவருக்குப் போன் எடுத்தேன்.

"அங்கிள், நிக்கிற வானுக்கு எப்பிடிப் பஞ்சர் வரும்?"

"எந்த நாளும் ஒழுங்கா போனா புள்ளைங்க நம்பாது மகள்."

இந்தக் கூத்தில் எல்லாம் ஆரன் எங்கே என்று கேட்பீர்கள். முதல் நாள் அவனும் மேசைக்குக் கீழிருந்து ஏறினான். அங்கிள் அவனைத் தேடவில்லை, கொஞ்சவும் இல்லை. "கண்டக்டர் கீழ குனிஞ்சு என்னமோ தேடுறார்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, அவனுக்குப் பதிலாகத் தானே "ரைட்" சொல்லி வானை எடுத்தார். அப்படியே நாட்கள் போயின. ஆரன் மெல்ல மெல்ல மேலே வந்தான். முதலில் தலைமயிர், பிறகு கண், பிறகு மூக்கு. வாய் மட்டும் வரவில்லை.

முழு முகமும் தெரிந்த அன்று அங்கிள் கையைக் கட்டிக்கொண்டார்.

"இனி நான் சொல்லமாட்டேன். கண்டக்டர் வந்துட்டார்."

ஆரன் அவரைப் பார்த்தான். வான் நின்றது.

"அங்கிள், வகுப்புத் தொடங்கப் போகுது," என்றேன்.

"கண்டக்டர் சொல்லல்லியே."

பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். "ஆரன், சொல்லடா!" ஒரு தாய் பின்னாலிருந்து, "என்ன அநியாயம் இது, இண்டைக்குச் சோதனை எல்லோ!" என்றாள். தாய்மார் குழுவில் செய்திகள் குவிந்தன. எனக்கும் ஒன்பது மணிக்குக் கூட்டம். பிள்ளையின் கண் நிரம்பிக்கொண்டு வந்தது.

"அங்கிள், பாவம், விடுங்கோ. நான் சொல்லுறன். ரைட்! ரைட்! எடுங்கோ."

"நீங்க கண்டக்டரா மகள்?"

"இல்லை, ஆனால்..."

"அப்ப பின்னால போய் இருங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அழைப்பையே வெட்டியிருப்பேன். கையை வைத்தும் விட்டேன். அப்போதுதான் ஆரன் என் கையைப் பிடித்துத் தள்ளினான். திரைக்கு மிக அருகில் போனான். அங்கே இல்லாத ஒரு கதவை எட்டி இழுத்து மூடினான்.

"ரைட்."

சின்னச் சத்தம். என் ரைஸ் குக்கர் அதைவிடச் சத்தமாகக் கொதிக்கும்.

"பின் சீட்டுக்குக் கேக்கல்ல கண்டக்டர்."

"ரைட்!!"

அங்கிள் குனிந்து ஹோர்ன் அடித்தார். எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். நான் குக்கரைத் திறந்து சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆவியால் கண் கலங்கியது என்று யாரும் கேட்காமலே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவனை நிறுத்த முடியவில்லை. இரண்டும் மூன்றும் எத்தனை என்று ரீச்சர் கேட்டாலும் "ரைட்!" பெயர் கேட்டாலும் "ரைட்!" ரீச்சர் மறுபடியும் குரல் செய்தி அனுப்பினார்: "ஆரன் அம்மா, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ." கொஞ்ச நாளில் மற்றச் சொற்களும் வந்தன. அப்பாவோடு அரை மணித்தியாலம் கதைத்து என் டேட்டாவை முடித்தான்.

பள்ளிக்கூடம் திறந்த நாள் வந்தது. சீருடை கட்டையாகியிருந்தது, சப்பாத்துக்குள் கால் போக மறுத்தது. கீழே ஹோர்ன் அடித்தது. ஆரன் அசையவில்லை.

"ஓடு அப்பு, வான் வந்திட்டுது."

"அது வான் அங்கிள் இல்லை. அது வேற யாரோ."

நான் பல்கனியால் எட்டிப் பார்த்தேன். அதே வெள்ளை வான். அங்கிள் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன மகள், இறங்கல்லியா?"

"உங்கட ஹோர்ன் இல்லையாம் அங்கிள்!"

அவர் தலையைச் சொறிந்தார். "புதுப் பற்றரி போட்டிருக்கேன் மகள். பழையது ஊரடங்கு தொடங்கின கிழமையே செத்துப் போச்சு."

"அப்ப இவ்வளவு நாளும்?"

அவர் இரண்டு கையையும் வாயில் குவித்து, தொண்டை அடைத்த மாடு மாதிரி, ஒழுங்கை முழுக்கக் கேட்க, "பாஆஆம்!" என்றார். ஆரன் சப்பாத்தின் குதியை மிதித்தபடியே படிகளில் ஓடினான். என் தெளிவான விளக்கத்தை நினைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். உயிரில்லாத வானுக்குள் ஒவ்வொரு காலையும் சேர்ட் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து இருந்திருக்கிறார் மனிதர். எதற்கு அங்கிள் இவ்வளவு என்று பிறகொரு நாள் கேட்டேன். "வீட்டில எனக்கு மட்டும் என்ன வேலை?" என்றார்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் அங்கிள் வானை விற்றுவிட்டு நீர்கொழும்பில் மகளோடு போய் இருக்கிறார். எப்போதாவது போன் எடுப்பார். "பாஆஆம்" என்று தொடங்குவார். ஆரன் இப்போது வளர்ந்துவிட்டான். நண்பர்களுக்கு முன்னால் அதற்கு வெட்கப்படுவான்.

காலையில் அவனை நான் முச்சக்கர வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன். புத்தகப் பையை உள்ளே இழுத்துப் போட்டு நாங்கள் இருந்ததும் சாரதி திரும்பிப் பார்ப்பார்.

"போவமா மிஸ்?"

எனக்கு ஒவ்வொரு நாளும் அவசரம்தான். என்றாலும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ," என்பேன், "கண்டக்டர் இன்னும் சொல்லேல்லை."