என்னைப் பண்டர் என்று எழுதிய விவகாரம்

டொன்காஸ்டர்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

என் பெயர் ஹெர்பர்ட் கிளெக். ரயில்வேயில் சிக்னல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன், மெதடிஸ்ட் ஆலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன், மனைவியை இழந்து ஒன்பது வருடம் தனியாக இருந்தவன். வருகிற சனிக்கிழமை அதே ஆலயத்தில் மிஸ் வினிஃப்ரெட் சக்டனை மணக்க இருந்தேன். போன வெள்ளிக்கிழமை சந்தையில் ஆல்ஃப் டைசனின் மீன்கடை முன்னால் நின்றபோது தங்கள் நிருபர் படம் பிடித்தார். படத்தில் மீன் விழவில்லை, நான் மட்டும் விழுந்தேன். மறுநாள் அதன் கீழே தாங்கள் போட்டது: “வெள்ளிக்கிழமை தவறாத பண்டர் ஹெர்பர்ட் கிளெக், வயது 68.” திங்கட்கிழமைத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே நான் கொடுத்த மோதிரம். கூடவே அந்தப் படத்தைக் கத்தரித்து, கீழே இருந்த எழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். வினிஃப்ரெட் ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. குதிரைப் பந்தயத்தில் குடியிருந்த வீட்டையே தோற்றவர் அவருடைய அப்பா. பண்டர் என்றால் பந்தயம் கட்டுகிறவன் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?

கோபத்தோடுதான் கிளம்பினேன். நாலு படி ஏறி இறங்கியதும் கோபம் எங்கோ போய், இந்தச் சொல் எந்தெந்தச் சந்தில் எல்லாம் புகுந்து கிடக்கிறது என்று பார்க்கிற ஆசை வந்துவிட்டது. முதலில் ஆல்ஃபிடம் கேட்டேன். “பண்டர்னா கிராக்கி, ராசா. மீன் வாங்க வர்ற எல்லாருமே பண்டர்தான். வாங்காம வெல மட்டும் கேக்கறவங்களுக்கு வேற பேரு இருக்கு, அது உனக்கு வேணாம்” என்றான். அடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்தயக் கடைக்குள் நுழைந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணியிடம், பண்டர் என்றால் சூதாடிதானே என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “சூதாடி யாரும் இங்க வர்றதில்ல, பெரியவரே. வர்றவங்க எல்லாம் பண்டருங்க. ஜெயிச்சுட்டுப் போறவன வேணும்னா சூதாடின்னு சொல்லலாம். நான் இன்னும் பாக்கல.” நூலகத்து அகராதியில், தட்டைப் படகைக் கழியால் தள்ளுகிறவன் என்று ஓர் அர்த்தம் இருந்தது. அதற்கும் கீழே இருந்த அர்த்தத்தின்மேல் நூலகப் பெண் கட்டைவிரலை வைத்து, “இது உங்களுக்குத் தேவைப்படாது சார்” என்றாள். வக்கீல் அலுவலகத்துக் குமாஸ்தா, “எதிர்ல உக்காந்திருக்கிற வரைக்கும் கட்சிக்காரர், கதவ சாத்திட்டுப் போனா பண்டர்” என்றார். கடைசியில் போதகரிடம் போனேன். வேதாகமத்தில் இச்சொல் இல்லை என்று அவர் சொன்னால் போதும் என்றுதான் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “போதகருங்க மட்டும் கூடறப்ப, இந்த ஞாயிறு உங்களுக்கு எத்தன பண்டருங்கன்னு கேட்டுக்கறதுண்டு. வெளியில சொல்லிடாதீங்க, ஹெர்பர்ட்.” நான் யாரிடமும் சொல்லவில்லை, தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஆகவே, “பண்டர் என்று குறிப்பிட்டது மீன் வாங்குபவர் என்ற பொருளிலேயே” என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு திருத்தம் போட்டு, என் கல்யாணத்தைக் காப்பாற்றித் தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். தங்கள் அச்சு மை உலராதிருக்கட்டும். தங்கள் நிருபருக்கு, மீனும் தெரியும்படி படம் எடுக்கிற நிதானத்தைக் கடவுள் கொடுக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள வாசகன்,
ஹெர்பர்ட் கிளெக்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வினிஃப்ரெட்டே வந்துவிட்டார். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். “வெள்ளிக்கிழம நீங்க வாங்கற மீன்ல பாதி என் தட்டுக்குத்தான வருது. இந்த வார்த்தைக்கா நான் வட்டம் போட்டேன்?” என்றார். பிறகு மெதுவாக, “அறுபத்தொண்ணுன்னு சொன்னீங்களே, ஹெர்பர்ட்” என்றார். “வீடு போச்சுன்னு எங்கப்பா அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. நீங்க ஏழு வருஷத்த முழுங்கிட்டு உக்காந்திருக்கீங்க.” அழகாக இருந்தீர்கள், பயந்துவிட்டேன் என்று சொன்னேன், அது உண்மை. அவர் மேசைமேல் கிடந்த மோதிரத்தை எடுத்துத் தானே போட்டுக்கொண்டார். எனவே திருத்தம் எதுவும் வேண்டாம். தாங்கள் போட்ட எண் சரியானதே. ஆலயப் பதிவேட்டில் நான் உண்மை வயதை எழுத வேண்டுமாம். அவர் தம் வயதை எழுதும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டுமாம்.